பதினான்காவது பெயர்

2022 ஜூன் மாதம். கொழும்பில் எங்கும் எரிவாயு இல்லை. முகத்துவாரத்தில் எங்கள் ஒழுங்கைக்கென்று ஒரு வட்ஸ்அப் குழு இருந்தது, 61 வீடுகள். அதற்கு முன்பெல்லாம் அந்தக் குழுவில் காலை வணக்கம் சொல்லும் தாமரைப் படமும், பௌர்ணமிப் போயா வாழ்த்தும், எப்போதாவது யாருடையதோ காணாமற்போன பூனையும்தான் வரும். அந்த மாதம் வேறு பேச்சே இல்லை. லொறி எப்போது வரும், எத்தனை சிலிண்டர் இறக்குவார்கள், யார் முதலில்.

முகவரின் கடை வாசலில் வெற்றுச் சிலிண்டர்களைச் சங்கிலியால் பிணைத்துவிட்டு இரவிரவாகக் காவல் இருந்து எல்லாரும் களைத்துப்போனபின், யாரோ ஒரு புண்ணியவான் குழுவில் பட்டியல் தொடங்கினார். 1 என்று போட்டுத் தன் வீட்டு இலக்கம். அடுத்தவர் அதைப் பிரதியெடுத்து, கீழே 2 என்று தன்னுடையதைச் சேர்த்து மறுபடி அனுப்புவார். மூன்றாமவர் அதை எடுத்து 3. இந்த முறை எல்லாருக்கும் பழக்கம்தான். சுற்றுலாவுக்கு ஆள் சேர்ப்பதும் அன்னதானத்துக்கு அரிசி சேர்ப்பதும் இப்படித்தான்.

இரவு ஒன்பதே முக்கால் மணியளவில், பதின்மூன்று பேர் வரை வந்திருந்த பட்டியலை இரண்டு பேர் ஒரே நேரத்தில் பிரதியெடுத்தார்கள். இருவருமே 14 ஆனார்கள். அடுத்து வந்தவர் கீழே கிடந்த பட்டியலை எடுத்துக்கொண்டார். மேலே கிடந்ததில் இருந்த மூலை வீட்டு அன்ரி அந்த இடத்தோடு காணாமற்போனார். அதற்குப் பிறகு வந்த பட்டியல்கள் எதிலும் அவர் இல்லை. மறுநாள் லொறி இருபது சிலிண்டர்களை இறக்கியது. அன்ரி தன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து நின்றார். பெயர் இல்லை என்றார்கள்.

"நான் எழுதினேனே பிள்ளை" என்றார் என்னிடம். பிள்ளைகள் இத்தாலியில், வீட்டில் தனியாள். அவர் எழுதியதை நான் மேலே தேடிப் போய்க் கண்டுபிடித்துக் காட்டினேன். அதற்குள் லொறி போய்விட்டது. அடுத்த லொறி வரும்வரை அவர் பின்வாசலில் பொச்சுமட்டை எரித்துச் சமைத்தார். புகை எங்கள் வீட்டுக்கும் வரும். வரும்போதெல்லாம் எனக்கு முகம் சிவக்கும். ஏனென்றால் கைபேசிச் செயலிகளுக்கு முகம், அதாவது திரையும் பொத்தானும், வரைவதுதான் என் தொழில்.

பம்பலப்பிட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. புறக்கோட்டைக்குப் போய் 101 பஸ் பிடித்தால் வாசலில் இறக்கிவிடும், பெற்றோல் இருந்த காலத்தில். எங்கள் நிறுவனத்திடம் ஒரு செய்திச் செயலி இருந்தது. அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும் விற்றோம். மேலாளர் ஊழியர்களுக்குக் கட்டளை போடுவதற்காகச் செய்யப்பட்டது. அந்த ஆண்டு ஓகஸ்ட்டில் அதை அயலவர் குழுக்கள், சங்கங்கள், பெற்றோர் குழுக்கள் பாவிக்கும்படி மாற்றியமைக்க வேண்டும் என்று முடிவானது. ஆறு பேர் கொண்ட அணி. முதல் கூட்டத்திலேயே தலைவர் சொன்ன தீர்வு: "குழுவில் 200 பேர்தான் சேரலாம் என்று இருக்கிறது. 2000 ஆக்குங்கள்."

அப்போது உலகம் முழுக்க இந்த எண்ணைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தார்கள் போலும். வட்ஸ்அப் 2016 இலிருந்து 256 பேரோடு நிறுத்தியிருந்த எல்லையை அதே 2022இல் முதலில் 512 ஆக்கியது. நவம்பரில் 1024 ஆக்கியது. கூடவே பல குழுக்களை ஒரு கூரையின் கீழ் கொண்டுவரும் ஏற்பாட்டையும், நிர்வாகிகள் மட்டும் எழுதக்கூடிய அறிவித்தல் குழுவையும் வெளியிட்டது. அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் தலைவர் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. எனக்கு அதில் பெரிய வருத்தம் எதுவும் இல்லை. 61 வீடுகளிலேயே ஒரு பெயர் தொலைந்துபோகும் இடத்தில் 1024 பேரை ஏற்றினால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை.

நான் செய்த ஒரே நல்ல காரியம், அணியில் இருந்த குருநாகல் தம்பியைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஒழுங்கையின் மரண உதவிச் சங்கத்துச் செயலாளரைப் பார்க்கப் போனது. (தம்பி என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான், சிங்களத்திலும் அது அக்காதான்.) செயலாளர் மாமா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபது கடந்தவர். சங்கத்தில் தமிழரும் சிங்களவரும் கலந்து இருக்கிறார்கள். வீட்டுக்கு மாதம் இருநூறு ரூபாய் சந்தா. ஒரு வீட்டில் சாவு என்றால் கூடாரமும் பிளாஸ்டிக் கதிரைகளும் சங்கத்திலிருந்து போகும். ஒழுங்கைக்குக் குறுக்கே வெள்ளைக் கொடி கட்டுவதும், இரவு விழித்திருப்பவர்களுக்குப் பிளேன்டீ ஊற்றுவதும் சங்கத்தின் பொறுப்பு.

மாமா எங்களுக்குப் பிளேன்டீயும் பனங்கட்டித் துண்டும் தந்துவிட்டு ஒரு தடித்த சீஆர் கொப்பியைத் திறந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் வீட்டு இலக்கங்கள் வரிசையாக. ஒவ்வொரு சாவுக்கும் ஒரு பத்தி. சில இலக்கங்களுக்கு எதிரே ஒரு சிறு கோடு.

"சாவுச் செய்தி சொன்ன வீட்டுக்கு ஒரு கோடு போடுவேன். கோடு இல்லாத வீட்டுக்கு மறுபடி போவேன்" என்றார். "இப்போது குழுவில் போடுகிறார்கள். போட்டவுடன் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். பிறகு பார்த்தால், பிரேதம் எடுத்த மறுநாள் ஒருவர் வந்து எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கோபிக்கிறார். சொல்லாமல் விட்ட வீடு என்ற பழி சங்கத்துக்கு."

தம்பி உடனே நீலக் குறிகளைப் பற்றி விளக்கப் போனான். மாமாவுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது. குழுவில் எல்லாரும் வாசித்தால்தான் அந்த இரண்டு குறிகளும் நீலமாகும். ஒரே ஒருவருடைய கைபேசி அணைந்து கிடந்தாலும் சாம்பல் நிறத்திலேயே நிற்கும். யார் வாசித்தார்கள் என்று உள்ளே போய்ப் பார்க்கலாம்தான். ஆனால் அங்கே இருப்பது ஆட்களின் பட்டியல். மாமாவுக்கு வேண்டியது வீடுகளின் பட்டியல், அதிலும் எட்டாத வீடுகளின் பட்டியல்.

திரும்பி வரும்போது தம்பி சொன்னான்: "அக்கா, அந்தக் கொப்பி நம் செயலியைவிட நன்றாக வேலை செய்கிறது." எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் சொன்னது சரி.

அதிலிருந்துதான் மாற்றம் தொடங்கியது. உறுப்பினர் என்றால் ஒரு தொலைபேசி எண் என்று இருந்ததை, உறுப்பினர் என்றால் ஒரு வீடு என்று ஆக்கினோம். சொல்ல எளிது, உள்ளே எல்லாவற்றையும் பிரித்துப்போட வேண்டியிருந்தது. ஒரு வீட்டில் மூன்று கைபேசிகள் இருக்கும். இன்னொரு வீட்டில் ஐந்து பேருக்கு ஒன்று. அதுவும் மகள் வேலைக்குப் போகும்போது கொண்டுபோய்விடுவாள். வீட்டில் யாராவது ஒருவர் பார்த்தால் வீட்டுக்கு எட்டியது என்று கணக்கு. இதனால் நாங்கள் எதிர்பாராத ஒரு நன்மையும் வந்தது: எல்லாருடைய எண்ணையும் எல்லாருக்கும் காட்ட வேண்டிய தேவை போய்விட்டது. இலக்கம் 37இலிருந்து ஒருவர் என்று தெரிந்தால் போதும். ஒரு பெற்றோர் குழுவில் என்னைச் சேர்த்த அன்றிரவே, முன்பின் தெரியாத ஒருவர் "சாப்பிட்டாயா" என்று எனக்குத் தனியாக அனுப்பியதை இங்கே விவரிக்கத் தேவையில்லை. இதை வாசிக்கும் பெண்களில் பாதிப்பேருக்காவது அப்படி ஒருவரைத் தெரிந்திருக்கும்.

எட்டாத வீடுகளின் பட்டியலுக்குப் பெயர் வைப்பதில் இரண்டு வாரம் போனது. முதலில் "வாசிக்காதவர்கள்" என்று எழுதினோம். அம்மாவிடம் காட்டினேன். "இதென்ன, பள்ளிக்கூடத்தில் பாடம் படிக்காத பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்வதுபோல" என்றார். பிறகு "இன்னும் எட்டாத வீடுகள்" என்று மாற்றினோம். பழி வாசிக்காதவரை விட்டு இறங்கிச் சொல்ல வேண்டியவர் தோளில் ஏறிவிட்டது. அதுதானே உண்மையும். அந்தப் பட்டியல் செயலாளருக்கும் அவர் நியமிப்பவருக்கும் மட்டும் தெரியும். அதுவும் "எல்லா வீட்டுக்கும் எட்ட வேண்டும்" என்று அவர் குறித்த அறிவித்தலுக்கு மட்டும். பழைய செயலியில் இதே வசதியைக் கடை முதலாளிகளுக்கு நாங்கள் விற்றிருந்தோம். அங்கே அது ஊழியர் இரவு பத்து மணிக்குச் செய்தியைப் பார்த்தாரா என்று கண்காணிக்கப் பயன்பட்டது. அதைச் செய்த கையும் என் கைதான்.

சொற்கள் என்று வரும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேலிடத்திலிருந்து வந்த வரைவில் முதல் திரையிலேயே "உங்கள் சமூகம்" என்று இருந்தது. வேறு நாட்டில் அது சாதுவான சொல்லாக இருக்கலாம். இங்கே சமூகம் என்றால் தமிழ்ச் சமூகம், முஸ்லிம் சமூகம், சிங்களச் சமூகம். மூன்று இனத்தாரும் நான்கு சமயத்தாரும் குடியிருக்கும் ஒழுங்கையில் ஒருவருடைய கைபேசி "உங்கள் சமூகத்தில் சேருங்கள்" என்று கூப்பிட்டால் அவர் எந்தப் பக்கம் போவார்? சங்கம், ஊர், வட்டம் எல்லாம் போட்டுப் பார்த்தோம். கடைசியில் அம்மா எப்போதும் சொல்லும் "அயலட்டை" என்ற சொல்லிலிருந்து "அயல்" என்று எடுத்தோம். நாலெழுத்துக்கூட இல்லை, பொத்தானிலும் அடங்கும். தமிழில் பொத்தான் வரைந்தவர்களுக்குத்தான் அந்தச் சந்தோஷம் புரியும். "குழுவிலிருந்து வெளியேறுக" என்பது எந்தப் பொத்தானிலும் ஒரு வரியில் நின்றதில்லை.

அனுதாபச் செய்திகளில்தான் நான் நன்றாக அடிவாங்கினேன். சாவு அறிவித்தல் காலை ஆறு மணிக்கு வரும். ஏழு மணிக்குள் ஆழ்ந்த அனுதாபங்கள், ஆத்மா சாந்தியடையட்டும், நிவன் சுவ லெபேவா, கூப்பிய கைகள் என்று எண்பது தொண்ணூறு செய்திகள் விழுந்து அறிவித்தலை எங்கோ மேலே தள்ளிவிடும். எட்டு மணிக்கு ஒருவர் "எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள்?" என்று கேட்பார். இன்னொருவர் பதில் சொல்வார். அதன்மேல் இன்னும் இருபது அனுதாபங்கள். ஒன்பது மணிக்கு மறுபடி "எத்தனை மணிக்கு?"

நான் நினைத்தேன், இது எளிது. அனுதாபத்தை ஒரு பொத்தான் ஆக்கி, "87 பேர் அனுதாபம் தெரிவித்தனர்" என்று அறிவித்தலின் கீழே ஒரு வரியில் காட்டிவிடலாம். சுத்தமாக இருந்தது. அலுவலகத்தில் எல்லாருக்கும் பிடித்தது. ஒழுங்கையில் பரீட்சித்துப் பார்த்த முதல் சாவிலேயே செத்துப்போனது. மக்கள் அந்தப் பொத்தானை அழுத்திவிட்டு, அது போதாதென்று கீழே எழுதவும் செய்தார்கள். அம்மா கேட்டது இதுதான்: "செத்த வீட்டுக்குப் போனால் முகம் காட்டுவோம். இதில் என்னுடைய முகம் எங்கே? நான் 87இல் ஒன்றா?" இறந்தவரின் மகனும் பிறகு அதையே வேறு விதமாகச் சொன்னார். அவர் இரவு தூக்கம் வராமல் ஒவ்வொரு செய்தியாக வாசித்தாராம். யார் எழுதினார், யார் எழுதவில்லை என்பதெல்லாம் அவருக்குக் கணக்கில் இருந்தது.

அதன்பின் அந்த வரியைக் கிழித்துப்போட்டேன். அறிவித்தல் மேலே அசையாமல் நிற்கும்: வீடு, நேரம், மயானம். கீழே அனுதாபங்கள் முழுதாக, பெயரோடு, வந்த வரிசையிலேயே ஓடும். 31ஆம் நாள் அந்தியேட்டிக்குப் பிறகு அந்தப் பக்கங்களை வீட்டார் அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஒரு குடும்பம் அதை நினைவு மலரின் கடைசிப் பக்கங்களில் அச்சிட்டது. நான் செய்ததில் எனக்குப் பிடித்தது அதுதான். அது நான் யோசித்தது அல்ல.

மொழிபெயர்ப்பை இயந்திரத்திடம் விடலாம் என்ற யோசனை ஒரு நாள்தான் உயிரோடு இருந்தது. பரீட்சைக்குப் போட்ட முதல் வாக்கியத்தில் "காலமானார்" என்பதை அது நேரத்தோடு தொடர்புள்ள ஏதோ ஒன்றாகச் சிங்களத்தில் மாற்றியது. தம்பி சிரித்து, பிறகு சிரித்ததற்காக வெட்கப்பட்டான். ஓர் அறிவித்தலுக்கு மூன்று மொழிகளிலும் தனித்தனித் தாள் வைத்தோம். செயலாளரும் பொருளாளரும் தங்கள் கையாலேயே எழுதுகிறார்கள்.

கைபேசியே இல்லாத வீடுகளும், பொத்தான் வைத்த பழைய கைபேசி மட்டும் உள்ள வீடுகளும் ஒன்பது இருந்தன. அவற்றில் பழைய கைபேசி உள்ளவற்றுக்குக் குறுஞ்செய்தி அனுப்ப முடிவெடுத்தோம். அப்போதுதான் ஒரு கணக்கைச் சரியாக உட்கார்ந்து பார்த்தேன். ஒரு குறுஞ்செய்தியில் 140 பைட்டுகள். ஆங்கில எழுத்தென்றால் அதில் 160 அடங்கும். தமிழோ சிங்களமோ ஓர் எழுத்து வந்துவிட்டால் எல்லை 70க்கு இறங்கிவிடும். அதிலும் நம் கண்ணுக்கு ஓரெழுத்தாகத் தெரியும் "கா" அங்கே இரண்டு, "க்" இரண்டு. எழுபதைத் தாண்டினால் செய்தி இரண்டாகப் பிரிந்து, இரண்டுக்குமான காசு போகும். மாமாவும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை முழுக்க இருந்து எழுதியது இது:

"இல. 14 ஐயா காலமானார். நாளை மாலை 4, மாதம்பிட்டி மயானம்."

இடைவெளிகளோடு 54. மீதி 16. அந்தப் பதினாறுக்குள் அவர் யாருடைய கணவர், யாருடைய தகப்பன் என்று சொல்ல முடியாது. மாமா சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தந்தி அடிப்பது போல" என்றார். அவர் காலத்தில் தந்திக்குச் சொல்லுக்கு இவ்வளவு என்று காசு. அதனால் பழக்கம் இருந்தது அவருக்கு.

பட்டியலுக்கு வருகிறேன். நான் தொடங்கியதே அதற்காகத்தான். இரண்டு பேர் ஒரே பிரதியை எடுத்து ஆளுக்கொன்று சேர்க்க, பிந்தியது முந்தியதை விழுங்கிவிடும் இந்தப் பிழை தரவுத்தளக்காரர்களுக்கு மிகப் பழையது. அதைத் தடுக்கும் வழிகளும் பழையவை. பட்டியலைச் செய்தியாக வைக்காமல் தனிப் பொருளாக வைத்து, ஒவ்வொருவரும் தன் வீட்டை மட்டும் சேர்க்கும்படி செய்தால் எவரும் எவரையும் அழிக்க முடியாது. தம்பி மூன்று நாளில் செய்துவிட்டான்.

ஆனால் முந்தியவர் யார்? 2022 மார்ச் 31 அன்று பதின்மூன்று மணி நேர மின்வெட்டு இருந்தது, நினைவிருக்கும். அப்படியான நாளில் கைபேசிக் கோபுரத்துக்கும் மின்சாரம் போய்விட்டால் நீங்கள் ஏழு மணிக்கு அழுத்தியது ஒன்பது மணிக்குத்தான் போய்ச் சேரும். இடையில் எட்டு மணிக்கு அழுத்தியவர் உங்களுக்கு முன்னால் நிற்பார். அழுத்திய நேரத்தை எடுப்பதா, வந்து சேர்ந்த நேரத்தை எடுப்பதா? அழுத்திய நேரம்தான் நியாயம் என்று எல்லாரும் சொன்னார்கள். கைபேசியின் மணிக்கூட்டைப் பின்னே தள்ளிவைத்தால் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டேன். இதைப் பற்றி அலுவலகத்தில் நாங்கள் சண்டை போட்டதைப் பார்த்தால் எரிவாயு இன்னும் கிடைக்கவில்லை என்றே நினைத்திருப்பீர்கள்.

மாமாவுக்கு அது பெரிய கேள்வியாகவே படவில்லை. "வரிசை என்றால் முதலில் வந்தவர் மட்டுமா? கைக்குழந்தை உள்ள வீடு இல்லையா, படுக்கையில் கிடக்கும் நோயாளி உள்ள வீடு இல்லையா? நான் தூக்கி மேலே போடுவேன்." சரி, போடுங்கள் என்றோம். வந்து சேர்ந்த நேரப்படி வரிசை. செயலாளர் ஒரு வீட்டை மேலே நகர்த்தலாம். ஆனால் யார் நகர்த்தினார், எங்கிருந்து எங்கே என்பது பட்டியலிலேயே எல்லாருக்கும் தெரியும். மாமா இதை விரும்பவில்லை என்றே நினைக்கிறேன். இருந்தாலும் ஒன்றும் சொல்லவில்லை.

சங்கத்தின் தலைவர் பதவி வகித்தவருக்குத்தான் உண்மையான கோபம். சங்கத்தின் விதிப்படி வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் நிர்வாகிகளைத் தெரிவு செய்ய வேண்டும். செய்திக் குழுக்களிலோ நிர்வாகி என்றால் ஆயுட்காலம். அல்லது அவர் கனடா போகும்வரை. எங்கள் பழைய குழுவின் நிர்வாகி ஸ்காபரோ போய் எண்ணை மாற்றிக் குழுவை விட்டுப் போனதும், செயலி தானாகவே ஒருவரைப் பிடித்து நிர்வாகி ஆக்கியது. அது எங்களுக்குத் தண்ணீர்ப் போத்தல் கொண்டுவரும் பையன். நல்ல பிள்ளைதான், ஆனால் நான்கு மாதம் அவனுக்கே தெரியாது. ஆகவே எங்கள் செயலியில் நிர்வாகிப் பதவி 12 மாதத்தில் காலாவதியாகும். வீடுகள் மறுபடி உறுதிப்படுத்த வேண்டும். "என்னை ஒரு பால் பெட்டி மாதிரி ஆக்கிவிட்டீர்கள், முடிவுத் திகதி போட்டு" என்றார் தலைவர். அவர் மறுபடியும் தெரிவாகிவிட்டார். போட்டியிட யாரும் இல்லை.

வதந்தியைப் பற்றி அதிகம் எழுத மனமில்லை. 2019 ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் குண்டு வெடித்தபோது எங்கள் வீட்டு யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அன்று மதியத்துக்குள் எங்கள் குழுவில் வந்த செய்திகளில் எத்தனை வான்கள், எத்தனை பொதிகள், எத்தனை தெருக்கள். ஒன்றுகூட எங்கள் ஒழுங்கையில் ஒருவர் கண்ணால் கண்டதல்ல, எல்லாம் முன்னனுப்பியவை. அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. மாத இறுதிவரை நீடித்தது. அதற்கு முந்திய ஆண்டு மார்ச்சில் கண்டிப் பக்கத்துத் திகனக் கலவரத்தின்போதும் முடக்கினார்கள், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் முடக்கினார்கள். வட்ஸ்அப் 2019 தொடக்கத்திலேயே ஒரு செய்தியை ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி செய்திருந்தது. ஐந்தே ஐந்து குழுக்கள் கொழும்பு வடக்குக்குப் போதும். எங்கள் செயலியின் அறிவித்தல் பகுதியில் முன்னனுப்பும் பொத்தானே கிடையாது. எழுத வேண்டுமென்றால் கையால் எழுதுங்கள். பலர் இதைக் குறை சொல்லியிருக்கிறார்கள். மாற்றுவதாக இல்லை.

தோற்றவையும் உண்டு. வாக்கெடுப்பு வைத்தோம்; எங்கள் சங்கத்தில் வாக்கெடுப்பு என்றால் சண்டை என்று அர்த்தம், அதனால் ஒருவரும் தொடவில்லை. சந்தா கட்டியதைக் காட்டும் பக்கம் வைத்தோம். கட்டாத வீடுகளைப் பற்றி அடுத்த வீடுகள் பேசத் தொடங்கியதும் பொருளாளரே வந்து எடுக்கச் சொன்னார். நான்கு மாதம் வரைந்த நாட்காட்டியை இதுவரை பன்னிரண்டு பேர் திறந்திருக்கிறார்கள். அதில் ஆறு பேர் நாங்கள்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. மழை நின்றபிறகும் களனி கங்கை ஏறிக்கொண்டே இருந்தது. நாகலகம் வீதி நீர்மானியின் படங்கள் எல்லாக் குழுக்களிலும் சுற்றின. கங்கை கடலில் விழும் இடம் எங்கள் பக்கம்தான் என்பதால் அவரவர் பொருட்களைக் கட்டிலுக்கு மேலே ஏற்றத் தொடங்கினார்கள். மாமா அன்று இரவு ஏழு மணிக்கு "எல்லா வீட்டுக்கும் எட்ட வேண்டும்" என்று குறித்து ஓர் அறிவித்தல் போட்டாராம்: தேவைப்பட்டால் எந்தப் பாடசாலைக்குப் போவது, முதியவர்களைத் தூக்க யார் வருவார்கள், யார் வீட்டில் படகு இருக்கிறது. முகத்துவாரத்தில் படகுக்குப் பஞ்சமில்லை.

போட்டாராம் என்று எழுதுகிறேன், ஏனென்றால் நான் பார்க்கவில்லை. மதியம் போன மின்சாரம் வரவில்லை. என் கைபேசி நாலு மணிக்கே செத்துவிட்டது. அம்மாவின் கைபேசி அதற்கு முன்பே. நாங்கள் இருவரும் மெழுகுதிரி வெளிச்சத்தில் அரிசி மூட்டையை மேசைமேல் ஏற்றிக்கொண்டிருந்தோம்.

எட்டரைக்குக் கதவு தட்டும் சத்தம். மூலை வீட்டு அன்ரியின் பேரன். விடுமுறைக்கு வந்து புயலில் மாட்டிக்கொண்டவன். ஒரு கையில் குடை, மறு கையில் பொலித்தீன் பையில் சுற்றிய சீஆர் கொப்பி.

"மூன்று வீட்டுக்கு எட்டவில்லை என்று வருகிறதாம், அன்ரி. செயலாளர் தாத்தா அனுப்பினார்" என்றான். அறிவித்தலை மனப்பாடமாக ஒப்புவித்தான், பாடசாலையின் பெயரை மட்டும் கொஞ்சம் இத்தாலியன் போல உச்சரித்து. பிறகு வாசற்படியில் குந்தி, பையிலிருந்து கொப்பியை எடுத்து, பல்லில் கடித்துக்கொண்டிருந்த பென்சிலால் எங்கள் இலக்கத்துக்கு எதிரே ஒரு கோடு போட்டுவிட்டு, அடுத்த வீடு எந்தப் பக்கம் என்று கேட்டான்.